வைசாகி அன்று பொற்கோயிலில் கூடுவது கோதுமைக்காகவா, கால்சாவுக்காகவா?

நடைவண்டி

வணக்கம். ஏப்ரல் பாதியில் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு படம் சுற்றும். நடுவில் பொற்கோயில், ஓரத்தில் கோதுமைக் கதிர், மேலே "சீக்கியப் புத்தாண்டு வாழ்த்துகள்". கூடவே யாராவது "பஞ்சாபிகளின் பொங்கல்" என்று ஒரு வரி சேர்த்துவிடுவார்கள். வைசாகியைப் பற்றித் தமிழில் நடக்கும் பேச்சு அநேகமாக இதோடு முடிந்துவிடுகிறது. எனக்கு அது பெரிய குறையாகப் படுவதால் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

முதலில் புத்தாண்டு விஷயம். சூரியன் மேஷத்தில் நுழையும்போது நமக்குச் சித்திரை பிறக்கிறது, பஞ்சாபில் வைசாக மாதம் பிறக்கிறது. அதனால்தான் இரண்டும் ஏப்ரல் 13, 14 என்று ஒட்டியே வருகின்றன. ஆனால் 2003இல் நடைமுறைக்கு வந்த நானக்ஷாஹி நாட்காட்டியில் ஆண்டு பிறப்பது அதற்கு முந்தைய சேத் மாதத்தில், மார்ச் 14 அன்று. வைசாகிக்கு ஹர்மந்திர் சாஹிபில், அதாவது பொற்கோயிலில், வரிசையில் நிற்பவரிடம் இன்று என்ன விசேஷம் என்று கேட்டுப் பாருங்கள். "கால்சா சாஜ்னா திவஸ்", அதாவது தீட்சை பெற்ற சீக்கியர்களின் அமைப்பான கால்சா உருவான நாள் என்றுதான் பெரும்பாலும் பதில் வரும்.

அப்படியானால் அறுவடைக்குச் சம்பந்தம் இல்லையா என்றால், நிறையவே இருக்கிறது. கோதுமை முற்றும் பருவத்தில் ஊர்மக்கள் கூடி மகிழ்வது சீக்கிய நெறி தோன்றுவதற்கு முன்பே இருந்த வழக்கம். மூன்றாம் குரு அமர்தாஸ் (குருவாக இருந்த காலம் 1552 முதல் 1574 வரை) பியாஸ் ஆற்றங்கரையில் கோயிந்த்வால் என்ற ஊரில் வாழ்ந்தார். ஆங்காங்கே சிதறியிருந்த சீடர்களை ஆண்டில் சில நாட்களாவது ஓரிடத்தில் கூட்ட நினைத்தார். அதற்கு அவர் தேர்ந்தெடுத்த நாட்களில் வைசாகியும் தீபாவளியும் உண்டு. இதே குருதான் இன்னொரு விதியையும் உறுதியாக வைத்தார்: முதலில் பங்கத், பிறகு சங்கத். தன்னைப் பார்க்க வருகிறவர் யாராக இருந்தாலும் முதலில் எல்லோரோடும் தரையில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், அதன் பிறகுதான் சந்திப்பு. பேரரசர் அக்பரும் அப்படி உட்கார்ந்து சாப்பிட்ட பின்பே குருவைக் கண்டார் என்பது சீக்கிய மரபு.

வைசாகிக் கூட்டத்தைக் கூட்டியவரும் பந்தியைக் கட்டாயமாக்கியவரும் ஒருவரே. எனக்கு இந்தத் திருநாளின் உயிர்நாடியே இங்குதான் இருக்கிறது. விளைச்சல் வீட்டுக்கு வரும் சமயத்தில், அதை நீ யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாய் என்று அந்த மனிதர் கேட்டார்.

அடுத்தது 1699. ஊர் ஆனந்த்பூர். பத்தாம் குரு கோவிந்த் சிங்கின் தந்தை குரு தேக் பகதூர் 1675இல் தில்லியில் தலை வெட்டிக் கொல்லப்பட்டிருந்தார். வைசாகிக்குக் கூடிய பெருங்கூட்டத்தின் முன் குரு உருவிய வாளோடு வந்து, ஒரு தலை வேண்டும், யார் தருவீர்கள் என்று கேட்டார். ஒருவர் எழுந்தார். அப்புறம் இன்னொருவர். இப்படி ஐந்து பேர். அவர்களைத்தான் பஞ்ச் பியாரே, அன்புக்குரிய ஐவர் என்கிறார்கள். தயா சிங் லாகூரைச் சேர்ந்த கத்ரி என்ற வணிக சாதிக்காரர். தரம் சிங் ஹஸ்தினாபுரத்து ஜாட் என்ற உழவர் சாதிக்காரர். ஹிம்மத் சிங் பூரி ஜகந்நாதத்திலிருந்து வந்த தண்ணீர் சுமப்பவர். மொஹ்கம் சிங் துவாரகையைச் சேர்ந்த துணி அச்சடிப்பவர். சாஹிப் சிங் பீதரைச் சேர்ந்த நாவிதர். பீதர் இன்றைய கர்நாடகத்தில் இருக்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

குரு ஓர் இரும்புக் கிண்ணத்தில் நீர் ஊற்றி, இருபுறமும் கூரான கண்டா வாளால் கலக்கினார். அவருடைய துணைவியார் அதில் பதாசா என்ற சர்க்கரை வில்லைகளைப் போட்டார். அந்த அமிர்தத்தை ஐவரும் ஒரே கிண்ணத்திலிருந்து குடித்தார்கள். ஒரு சாதிக்காரர் தொட்ட தண்ணீரை இன்னொருவர் தொடாத காலம் அது. பிறகு குரு அந்த ஐவர் முன்னால் மண்டியிட்டு, எனக்கும் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக் குடித்தார். இதுவரை குருவிடம் சீடர் தீட்சை வாங்கியதுண்டு, சீடர்களிடம் குரு வாங்கிய காட்சியை நினைக்கும்போது எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கிறது. ஆண்களுக்குச் சிங், பெண்களுக்குக் கௌர் என்ற பெயரொட்டு வந்ததும், சாதியைக் காட்டும் பெயர்களை விடச் சொன்னதும் இதன் தொடர்ச்சிதான்.

கோயிந்த்வாலின் பந்தியிலிருந்து ஆனந்த்பூரின் கிண்ணம் வரை ஒரே கோடு போகிறது என்பது என் எண்ணம். அறுவடைத் திருநாள் வேறு, மத நாள் வேறு என்று இரண்டாகப் பிரிப்பது எனக்கு உடன்பாடில்லை. மற்றவர்கள் சொல்லுங்கள்.

அரும்பு

அருமையான பதிவு அண்ணா. அடுத்த வைசாகிக்கு அம்மாவை அமிர்தசரஸ் அழைத்துப் போக ஆசை. அன்று அங்கே காலையிலிருந்து என்னதான் நடக்கும்? கால்சா பிறந்தது ஆனந்த்பூரில் என்றால் அங்கேயே போய்விடலாமா? கூட்டத்தை நினைத்தால் கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது.

லூதியானா செல்வம்

தம்பி, நான் பின்னலாடைத் தொழிலில் திருப்பூரிலிருந்து லூதியானா வந்து இங்கேயே தங்கிவிட்டவன். இரண்டு ஊருக்கும் தொழில் ஒன்று என்பதால் நம்மவர்கள் இங்கே போக்குவரத்தாகவே இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஆனந்த்பூரில் கேஷ்கட் சாஹிப், பட்டிண்டா பக்கம் தல்வண்டி சாபோவில் தம்தமா சாஹிப், இரண்டு இடத்திலும் வைசாகி பெரிய விழா. தல்வண்டி சாபோவில் திருவிழாவே கூடும். இந்தியாவிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் பக்தர் குழு எல்லை தாண்டிப் பாகிஸ்தானில் ஹசன் அப்தால் ஊரிலுள்ள பஞ்சா சாஹிபுக்குப் போவதும் வைசாகிக்குத்தான். ஆனால் அம்மாவோடு முதல் முறை வருகிறீர்கள் என்றால் அமிர்தசரஸே நல்லது. தங்க இடம், சாப்பாடு, ஆஸ்பத்திரி எல்லாம் கிட்டத்திலேயே இருக்கிறது.

அன்று பொழுது விடிவதற்கு வெகு முன்பே ஊர் விழித்துவிடும். இருட்டோடு, எதிரிலிருக்கும் தலைமைப் பீடமான அகால் தக்திலிருந்து, புனித நூலான குரு கிரந்த சாஹிபைப் பல்லக்கில் வைத்து, தோள் மாற்றித் தோள் மாற்றி ஹர்மந்திர் சாஹிபுக்குக் கொண்டுவருவார்கள். இது தினமும் நடப்பதுதான். வைசாகி அன்று பல்லக்கைத் தொட்டுவிட வேண்டும் என்று முண்டியடிக்கும் கூட்டத்தைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். அதோடு சேர்ந்து கீர்த்தனை தொடங்கிவிடும். மாதப் பிறப்பு என்பதால் பன்னிரண்டு மாதங்களைப் பற்றிக் குரு அர்ஜன் பாடிய பாரஹ் மாஹாவில் வைசாகத்துக்கு உரிய பகுதியை வாசிப்பார்கள். குளத்தில் நீராடுவது அன்று விசேஷம். பெண்களுக்கு மறைப்புள்ள தனி இடம் உண்டு, அம்மாவுக்குச் சங்கடம் இருக்காது. அகால் தக்தில் அமிர்த சஞ்சார் நடக்கும். 1699இல் நடந்த அதே முறையில் ஐந்து பேர் அமர்ந்து, இரும்புக் கிண்ணத்தில் அமிர்தம் தயாரித்து, கால்சாவில் சேர வருகிறவர்களுக்குக் கொடுப்பார்கள். மாலையில் சுற்றிலும் விளக்கேற்றி வாணவேடிக்கை.

கருவறைக்குள் போகும் வரிசை மணிக்கணக்கில் நகரும். அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். நடுப்பகலில் பளிங்குத் தரை கொதிக்கும். மிதியடி விரித்திருப்பார்கள், அதைவிட்டு இறங்காமல் நடந்தால் போதும். செருப்பை ஜோடா கரில் விட்டு டோக்கன் வாங்கிக்கொள்ளுங்கள். தலையை மூடத் துணி வேண்டும். கொண்டுவராவிட்டால் வாசலிலேயே கிடைக்கும். வாசலில் ஓடும் தண்ணீரில் கால் நனைத்துத்தான் உள்ளே இறங்க முடியும். பீடி, சிகரெட், புகையிலை எதுவும் பையில்கூட இருக்கக் கூடாது. இதில் மட்டும் கவனம்.

இவ்வளவும் சொன்னாலும், அன்று நேரம் குறைவாக இருந்தால் நான் கருவறை வரிசையை விட்டுவிட்டு, எல்லோருக்கும் இலவசமாகச் சாப்பாடு போடும் லங்கருக்குத்தான் போகச் சொல்வேன். சாதாரண நாட்களிலேயே அங்கே 50,000 பேருக்கு மேல் சாப்பிடுகிறார்கள். திருவிழா நாட்களில் லட்சத்தைத் தாண்டும். இரவு பகல் மூடுவதே இல்லை. தட்டை வாங்கிக்கொண்டு போய்த் தரையில் நீளப் பாயில் உட்கார வேண்டும். யார் பக்கத்தில் இடம் காலியோ அங்கே. "தாலா ஜி", "பர்ஷாதா ஜி" என்று கூவிக்கொண்டே வாளியோடு வருவார்கள். ரொட்டிக்கு அங்கே பர்ஷாதா என்று பெயர். அதை இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து நீட்டித்தான் வாங்க வேண்டும், ஒற்றைக் கையை நீட்டினால் தரமாட்டார்கள். கறுப்பு உளுந்துப் பருப்பு, ஒரு காய், பெரும்பாலும் கீர் என்ற பாயசமும் இருக்கும். எல்லோரும் சாப்பிட முடிய வேண்டும் என்பதற்காகவே சைவச் சாப்பாடு.

சமையற்கட்டுக்குள்ளும் போய்ப் பார்க்கலாம், தடையில்லை. ஆள் உள்ளே இறங்கி நிற்கக்கூடிய அளவுக்குப் பெரிய கடாய்களில் பருப்பு கொதிக்கும். ரொட்டி இயந்திரம் ஒரு பக்கம் ஓட, இன்னொரு பக்கம் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து கையால் தேய்த்துப் போட்டுக்கொண்டிருப்பார்கள். தட்டு கழுவும் இடத்தில் எழும் சத்தம் வெளிப்பிரகாரம் வரை கேட்கும். வேலைக்கு வைத்த ஆட்களும் உண்டு, ஆனால் பெரும்பகுதி சேவைக்கு வந்தவர்கள்தான். கார் நிறுத்திவிட்டு வந்து பூண்டு உரிக்கிறவரையும், பக்கத்தில் ரிக்‌ஷா ஓட்டுகிறவரையும் ஒரே பாயில் பார்த்திருக்கிறேன். யார் என்ன வேலை என்று அங்கே எவரும் கேட்பதில்லை.

வெண்ணாற்றங்கரை

நானும் விவசாயிதான், தஞ்சாவூர்ப் பக்கம். எனக்கு ஒரு சந்தேகம். நாம் சம்பா அறுக்கும் நேரத்தில் பொங்கல் வைக்கிறோம், புது அரிசி பானைக்கு வருகிறது. வைசாகி அன்று அங்கே கோதுமை அறுத்து முடிந்திருக்குமா, நின்றுகொண்டிருக்குமா? லங்கருக்குக் கோதுமை எங்கிருந்து வருகிறது? விலைக்கு வாங்குகிறார்களா?

லூதியானா செல்வம்

நல்ல கேள்வி ஐயா. அக்டோபர் கடைசி, நவம்பரில் விதைத்த கோதுமை வைசாகி சமயத்தில் முற்றி நிறம் மாறி நிற்கும். சாலையில் போனால் இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் தங்க நிறம்தான். அறுவடை அப்போதுதான் சூடுபிடிக்கும். ஏப்ரல் 1 முதலே அரசுக் கொள்முதல் தொடங்கிவிட்டாலும் மண்டிகளில் கோதுமை மலைமலையாகக் குவிவது வைசாகிக்குப் பிறகுதான். கன்னா மண்டியை அந்தச் சமயத்தில் ஒரு முறை பார்க்க வேண்டும் நீங்கள்.

முன்பெல்லாம் தாத்ரி என்ற அரிவாளோடு ஊரே வயலில் இறங்கும். களைப்புத் தெரியாமல் இருக்க வரப்பில் ஒருவர் டோல் மேளம் அடித்துக்கொண்டிருப்பார். பாங்க்ரா ஆட்டத்துக்கும் அறுவடைக்கும் உள்ள உறவு அங்கிருந்து வந்தது. இப்போது கம்பைன் என்ற அறுவடை வண்டி வந்து சில மணி நேரத்தில் வயலைக் காலி செய்துவிடும். பின்னாலேயே இன்னொரு இயந்திரம் தாளை நறுக்கி மாட்டுக்குத் தூரி என்ற தீவனமாக்கும். மண்டியில் மூட்டை தூக்குவது பீகார், உத்தரப் பிரதேசத்திலிருந்து வரும் ஆட்கள்தான். வைசாகியைப் பற்றிப் பேசும்போது அவர்களை யாரும் நினைப்பதில்லை, எனக்கு அது வருத்தம்.

மார்ச் கடைசியிலிருந்து விவசாயிக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். முற்றிய கதிர் மேல் ஒரு ஆலங்கட்டி மழை விழுந்தால் அத்தனையும் சாய்ந்துவிடும். அதனால் இங்கே பலருக்கு வைசாகி வேண்டுதல் நாளும்கூட. பயிர் இன்னும் வெளியில் நிற்கிறது, குருவே பார்த்துக்கொள் என்று வருகிறார்கள்.

லங்கர் கோதுமை பற்றிக் கேட்டீர்கள். விலைக்கும் வாங்குவார்கள். ஆனால் அறுவடை முடிந்ததும் ஊர் ஊராகச் சேர்த்து டிராக்டர் டிராலியில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வந்து சீக்கியக் கோயிலான குருத்துவாராவில் இறக்குவது இன்றும் நடக்கிறது. சம்பாதிப்பதில் பத்தில் ஒரு பங்கைப் பொதுவுக்குக் கொடுக்க வேண்டும் என்ற தஸ்வந்த் வழக்கம் விவசாயி வீட்டில் மூட்டையாகத்தான் போகிறது. உழைத்துச் சாப்பிடு, இறைவன் பெயரை நினை, பகிர்ந்து உண். குரு நானக் வழியில் சொல்லும் இந்த மூன்றில் முதலாவதும் மூன்றாவதும் சந்திக்கும் இடம் அந்த டிராலி. குரு நானக்கே கடைசிக் காலத்தைக் கர்தார்பூரில் ஏர் பிடித்து உழுதுதான் கழித்தார்.

வெண்ணாற்றங்கரை

மழைக்குப் பயந்துகொண்டே திருநாள் கொண்டாடுவது எங்களுக்கும் புரிகிற விஷயம். தை மாதத்தில் மழை பெய்து சாய்ந்த நெல்லைப் பார்த்தவர்கள் நாங்கள். 2020 கடைசியில் தில்லியின் சிங்கு, திக்ரி எல்லைகளில் பஞ்சாப் விவசாயிகள் போராடியபோது நெடுஞ்சாலையிலேயே லங்கர் வைத்து, வந்தவர் போனவர், காவலுக்கு நின்ற போலீஸ்காரர் வரை சாப்பாடு போட்ட செய்தியைப் படித்தபோது எனக்கு ஆச்சரியம். எங்கிருந்து வருகிறது இந்தப் பழக்கம் என்று. இப்போது விளங்குகிறது.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். அங்கே நிலத்தடி நீர் பாதாளத்துக்குப் போய்விட்டது என்கிறார்களே?

லூதியானா செல்வம்

உண்மைதான். அதற்குக் கோதுமையைவிட நெல்தான் பெரிய காரணம். இங்கே தட்டில் ரொட்டிதான், நெல்லின் பெரும்பகுதி அரசுக் கிடங்குக்குப் போகிறது. கடும் கோடையில் நாற்று நட்டுத் தண்ணீர் உறிஞ்சக் கூடாது என்று 2009இல் சட்டமே போட்டார்கள். காற்று குரு, நீர் தந்தை, நிலம் பெருந்தாய் என்று தினமும் காலையில் ஜப்ஜி என்ற வழிபாட்டுப் பாடலில் ஓதுகிற மண் இது. ஓதுகிறவர்களே இதைச் சொல்லி வருத்தப்படுகிறார்கள். தனி இழை போட்டுப் பேச வேண்டிய விஷயம், இங்கே இதோடு விடுகிறேன்.

கயல்விழி

இழையை ஆரம்பத்திலிருந்து படித்தேன். நன்றாக இருக்கிறது. ஆனால் யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டாக வேண்டும். ஒரே கிண்ணம், ஒரே பந்தி என்கிறீர்கள். பஞ்சாபில் கிராமத்துக்குக் கிராமம் சாதிவாரியாகக் குருத்துவாரா இருக்கிறதே? சுடுகாடுகூடத் தனித்தனி என்று படித்திருக்கிறேன். 2011 கணக்கெடுப்பின்படி நாட்டிலேயே பட்டியல் சாதி மக்கள் விகிதம் மிக அதிகமான மாநிலம் அது, ஏறத்தாழ 32 விழுக்காடு. நிலத்தில் அவர்கள் பங்கு எவ்வளவு சொற்பம்! பொற்கோயில் கருவறையில் பெண்கள் கீர்த்தனை பாடுவது இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை. 2019இல் பஞ்சாப் சட்டமன்றமே அனுமதிக்கச் சொல்லித் தீர்மானம் போட்டும் நிலைமை அதுதான். விழுமியங்களைக் கொண்டாடும்போது இதையும் சொல்லாமல் விட்டால் அது பாதிக் கதை.

நடைவண்டி

கயல்விழி, நீங்கள் சொன்ன எதையும் நான் மறுக்கமாட்டேன். இதோடு சேர்த்துப் பேச வேண்டிய ஒரு நாள் இருக்கிறது. 1920 அக்டோபர் 12.

அந்தக் காலத்தில் ஹர்மந்திர் சாஹிப் பரம்பரைப் பூசாரிகள் கையில் இருந்தது, மேலாளரை நியமித்தது ஆங்கிலேய அரசு. தாழ்த்தப்பட்ட சாதிகளைச் சேர்ந்த சீக்கியர் கொண்டுவரும் கடா பிரசாதத்தை (கோதுமை மாவு இனிப்பு) பூசாரிகள் ஏற்பதில்லை. அன்று ஜாலியன்வாலா பாகில் ஒரு கூட்டம் நடந்தது. ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள் அங்கே அமிர்தம் ஏற்றுக் கால்சாவில் சேர்ந்தார்கள். கால்சா கல்லூரி ஆசிரியர்கள் சிலரும் துணைக்கு வர, எல்லோரும் பிரசாதத்தைச் சுமந்துகொண்டு ஊர்வலமாகக் கோயிலுக்குப் போனார்கள். பூசாரிகள் வழக்கம்போல மறுத்தார்கள். வாக்குவாதம். கடைசியில் குரு கிரந்த சாஹிபிடமே கேட்டுவிடுவோம் என்று முடிவானது. நூலைத் திறந்து, கண்ணில் படும் பாடலை அன்றைய ஆணையாக ஏற்பது சீக்கிய வழக்கம். திறந்தார்கள். குணமற்றவர்களையும் தானே மன்னித்துச் சத்குருவின் சேவையில் இறைவன் சேர்த்துக்கொள்கிறான் என்ற பாடல் வந்தது. பிரசாதத்தை ஏற்க வேண்டியதாயிற்று. அந்தக் கூட்டம் அகால் தக்துக்குப் போனபோது அங்கிருந்த பூசாரிகள் இடத்தையே விட்டுப் போய்விட்டார்கள். அடுத்த மாதமே குருத்துவாராக்களைக் கவனிக்க சிரோமணிக் குருத்துவாரா பிரபந்தக் குழு உருவானது. 1925இல் அதற்குச் சட்டமும் வந்தது.

அந்தப் பாடலை எழுதியவர் யார் தெரியுமா? குரு அமர்தாஸ். வைசாகிக் கூட்டத்தையும் பந்தியையும் வைத்த அதே மூன்றாம் குரு. முந்நூறு ஆண்டுக்கு மேல் கழித்து, அவர் சொல்லே அவர் வழிவந்தவர்களுக்கு எதிராக நின்று வாசலைத் திறந்தது. ஒரு நெறி தன்னை நோக்கியே இப்படிக் கேள்வி கேட்கும் வசதியைத் தன் நூலுக்குள் வைத்திருந்தால், அதை வைத்துத் தொடர்ந்து கேட்கலாம். அந்த நூலில் செருப்புத் தைத்த ரவிதாஸின் பாடல்களும், நெசவாளர் கபீரின் பாடல்களும், தையல்காரர் நாமதேவரின் பாடல்களும், சூஃபி ஃபரீதின் பாடல்களும் குருமார்களின் பாடல்களோடு சேர்ந்தே இருக்கின்றன. அதன் முன் தலை தாழ்த்துகிறவர் ரவிதாஸின் சொல் முன்பும் தாழ்த்துகிறார். இதைத் தெரிந்துகொண்டே ஊரில் தனிக் குருத்துவாரா கட்டுகிறார்கள் என்பதுதான் வேதனை. பெண்கள் பாடும் விஷயத்திலும் நான் உங்கள் பக்கம்தான். சிங்கோடு கௌர் என்ற பெயரையும் தந்த நெறியில் அந்தத் தடைக்கு நியாயமே இல்லை.

லூதியானா செல்வம்

நான் பார்த்தவரை அமிர்தசரஸ் பந்தியில் சாதி கேட்பதில்லை. கிராமத்துக்குத் திரும்பியதும் கேட்கிறார்கள். இரண்டும் உண்மை. என்னோடு வேலை பார்க்கும் ரவிதாசியப் பையன் (ரவிதாஸைப் பின்பற்றும் ஒடுக்கப்பட்ட சாதியினர்) ஒருவன் வைசாகிக்கு அமிர்தசரஸ் வந்தால் பாத்திரம் கழுவாமல் ஊர் திரும்பமாட்டான். "ஊரில் என் கைத் தண்ணீரை வாங்காதவர்களும் இங்கே நான் கழுவிய தட்டில்தான் சாப்பிடுகிறார்கள்" என்பான்.

கயல்விழி

அந்தப் பையன் சொன்னதை நான் மறக்கமாட்டேன். நடைவண்டி, 1920 விவரத்துக்கு நன்றி, எனக்குப் புதிது. பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லப் போகிறேன்.

முகில்வண்ணன்

ஜாலியன்வாலா பாக் பெயர் வந்துவிட்டது, எனவே இதையும் பதிய வேண்டும். 1919 ஏப்ரல் 13, வைசாகி நாள். பொற்கோயிலிலிருந்து நடக்கும் தூரம்தான் அந்த மைதானம். ரௌலட் சட்டத்தை எதிர்த்தும் தலைவர்கள் கைதானதைக் கண்டித்தும் கூட்டம். வைசாகிக்கு அமிர்தசரஸ் வந்து, கோயிலில் கும்பிட்டுவிட்டு, மாட்டுச் சந்தையையும் பார்த்துவிட்டு அங்கே வந்து உட்கார்ந்திருந்த வெளியூர் மக்கள் நிறையப் பேர். கூட்டம் கூடத் தடை என்ற அறிவிப்பு அவர்களில் எத்தனை பேர் காதில் விழுந்திருக்கும்? ஆங்கிலேயப் படையதிகாரி டயர் எச்சரிக்கை இல்லாமல் சுடச் சொன்னான். 1,650 ரவைகள். அரசுக் கணக்கில் 379 பேர் சாவு. காங்கிரஸ் விசாரணை சுமார் ஆயிரம் பேர் என்றது. அமிர்தசரஸில் வைசாகி கொண்டாடுகிறவர்கள் பலரும் அந்தக் குறுகிய சந்துக்குள் ஒரு முறை போய்வருகிறார்கள்.

இன்னொன்று, இது நமக்கு நேரடித் தொடர்புள்ளது. 1924இல் வைக்கம் போராட்டம். கோயிலைச் சுற்றிய தெருவில் எல்லோரும் நடக்க உரிமை கேட்டு நடந்தது, பெரியார் சிறை சென்றது எல்லாம் நமக்குத் தெரியும். அந்தத் தொண்டர்களுக்குச் சமைத்துப் போடப் பஞ்சாபிலிருந்து அகாலிகள் (குருத்துவாராச் சீர்திருத்தத்துக்குப் போராடிய சீக்கியர்கள்) வைக்கத்துக்கே வந்து லங்கர் திறந்தார்கள். வெளியாரின் உதவி வேண்டாம் என்று காந்தி ஆட்சேபித்ததால் அது நீடிக்கவில்லை. காந்தியின் காரணம் எதுவாகவும் இருக்கட்டும், தீண்டாமையை எதிர்த்து நிற்பவர்களுக்கு ரொட்டி சுட்டுத் தர நாட்டின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு வந்தவர்களை நாம் நன்றியோடு நினைக்க வேண்டும். நான்கு ஆண்டுக்கு முன்னால் தங்கள் சொந்தக் கோயிலின் வாசலையே திறக்க வைத்தவர்களின் இயக்கம் அது என்று இப்போது சேர்த்துப் பார்க்கும்போது, அவர்கள் ஏன் வந்தார்கள் என்பதும் புரிகிறது.

நடைவண்டி

முகில், வைக்கம் லங்கரை இந்த இழையில் யாராவது சொல்வார்களா என்று காத்திருந்தேன். நன்றி.

எல்லோருக்கும் ஒரு சின்னத் தகவல். கடா பிரசாதம் கோதுமை மாவு, நெய், சர்க்கரை மூன்றையும் சம அளவில் போட்டுக் கிண்டுவது. தயாரானதும் கிர்பான் என்ற குறுவாளால் தொட்டு, முதலில் ஐந்து பங்கு எடுத்து வைப்பார்கள். அது பஞ்ச் பியாரேயின் பங்கு. அப்புறம்தான் மற்றவர்களுக்கு. எல்லாக் குருத்துவாராவிலும் தினமும் இது நடக்கிறது. கோதுமையா, கால்சாவா என்று தலைப்பில் கேட்டிருந்தேன். பிரசாதப் பாத்திரத்தில் இரண்டும் ஒன்றாகக் கிடப்பதைப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். அமிர்தசரஸ் போக முடியாதவர்கள் சென்னையில் தி.நகர் ஜி.என். செட்டி சாலைக் குருத்துவாராவுக்கு வைசாகி அன்று போங்கள். அங்கேயும் லங்கர் உண்டு.

அரும்பு

எல்லோருக்கும் நன்றி. அம்மாவிடம் இழையை வாசித்துக் காட்டினேன். சேவை செய்ய வேண்டும் என்று இப்போதே துடிக்கிறார். ஆனால் முழங்கால் வலி, வெகுநேரம் நிற்கவும் முடியாது, தரையில் உட்காரவும் முடியாது. அவர் செய்யக்கூடிய வேலை ஏதாவது இருக்குமா? யாரிடமாவது பெயர் கொடுக்க வேண்டுமா?

வெண்ணாற்றங்கரை

தம்பி கேட்டதோடு என் கேள்வியும் ஒன்று. எங்கள் வயல் பச்சரிசி ஒரு மூட்டை அனுப்பினால் வாங்கிக்கொள்வார்களா? கோதுமை மட்டும்தானா?

லூதியானா செல்வம்

தம்பி, பெயர் கொடுக்க வேண்டியதே இல்லை. கை கழுவிக்கொண்டு போய் எந்த வேலையில் இடம் இருக்கிறதோ அங்கே சேர்ந்துகொள்ளலாம். காய் நறுக்கும் இடத்தில் அம்மாவின் முழங்காலைச் சொல்லுங்கள், உட்கார ஏதாவது ஏற்பாடு செய்து தருவார்கள். பட்டாணி உரிக்கலாம், பூண்டு உரிக்கலாம். இந்தி தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பக்கத்திலிருக்கும் பெண்கள் கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுப்பார்கள். பந்தியிலும் தரையில் உட்கார முடியாதவர்களுக்கு இடம் பார்த்துத் தருவார்கள். வைசாகி அன்று சமையற்கட்டிலும் நெரிசல் இருக்கும், அதனால் முந்தின நாளே வந்துவிட்டால் அம்மாவுக்கு நிதானமாக வேலை கிடைக்கும். சராய் என்ற கோயில் தங்குமிடத்தில் அறை குறைவு, விழாச் சமயத்தில் கிடைப்பது கடினம். வெளியில் ஒரு விடுதியை முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள். தில்லி வரை வந்து அங்கிருந்து அமிர்தசரஸுக்கு ரயில் மாறுவது சுலபம்.

ஐயா, அரிசி தாராளமாகக் கொடுக்கலாம். கீருக்கும் சோற்றுக்கும் அரிசி வேண்டுமே. பருப்பு, சர்க்கரை, நெய், எண்ணெய், உப்பு எதுவானாலும் வாங்கிக்கொள்வார்கள். லங்கர் பக்கத்தில் பொருள் வாங்கும் இடம் தனியாக இருக்கிறது. எடை போட்டு ரசீது தருவார்கள். லாரியில் அனுப்புவதானால் லூதியானாவில் என் முகவரிக்கே போடுங்கள், தனிமடலில் தருகிறேன். வைசாகிக்கு நான் போகும்போது வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிடுகிறேன். மூட்டை மேல் ஊர்ப் பெயர் மட்டும் எழுதிவிடுங்கள், அது போதும்.